லில்லி லேமனின் ‘ஹவ் டு சிங்’: வாங்கலாமா, வேண்டாமா?

பாளையங்கோட்டைப் பக்கம் ஓர் ஆலயத்தில், பாடகர் குழுவில் சொப்ரானோ (பெண்களின் மேல்குரல்) பாடுகிறவர்களைப் பழக்குவது என் பொறுப்பு. சம்பளம் கிடையாது. கிறிஸ்துமஸ் முடிந்தால் ஒரு கேக்கும், “இந்த வருஷம் மேல்குரல் கொஞ்சம் கீச்சுன்னு இருந்துச்சே” என்ற பாராட்டும் கிடைக்கும். அந்தக் கீச்சுக்கு மருந்து தேடித்தான் பாட்டுப் பயிற்சிப் புத்தகங்களை வாங்க ஆரம்பித்தேன். பெரும்பாலானவை தோளைத் தளர்த்துங்கள், முகத்தை மலர்ச்சியாக வையுங்கள் என்ற ரகம். ஒரு தடவை படித்தால் போதும். நான் திரும்பத் திரும்பக் கையில் எடுப்பது ஜெர்மன் ஆப்பெரா (பாட்டாலேயே நடத்தும் மேடை நாடகம்) பாடகி லில்லி லேமன் எழுதிய ‘ஹவ் டு சிங்’ என்ற புத்தகத்தை. யார் கேட்டாலும் சிபாரிசு செய்யத் தயங்குவதும் அதே புத்தகத்தைத்தான்.

லேமன் என்றதும் சிலருக்கு லோட்டே லேமன் நினைவுக்கு வருவார். அவர் வேறு, இவர் வேறு. இருவருக்கும் உறவுகூட இல்லை. லில்லி 1848-ல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் பிறந்தார், ப்ராக் நகரில் வளர்ந்தார். அம்மா ஒரு காலத்தில் காஸல் நகர ஆப்பெராவில் பெயர்பெற்ற சொப்ரானோ. பிற்பாடு ப்ராக் அரங்கின் வாத்தியக் குழுவில் ஹார்ப் வாசித்து இரண்டு பெண் பிள்ளைகளையும் வளர்த்தார். லில்லிக்கும் தங்கை மரீக்கும் பாட்டு சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். 1865-ல் மோட்ஸார்ட்டின் ‘மந்திரப் புல்லாங்குழல்’ ஆப்பெராவில், மூன்று சிறுவர்களில் ஒருவனாகச் சின்ன வேடத்தில் லில்லி மேடையேறினார். அப்புறம் பெர்லின் அரச ஆப்பெராவில் பல வருடங்கள் இலேசான, வேகமான பிருகாக்கள் நிறைந்த வேடங்கள். 1876-ல் பைராய்ட்டில் வாக்னரின் ‘ரிங்’ என்ற நான்கு ஆப்பெராக்களின் தொடர் முதன்முறையாக முழுசாக அரங்கேறியபோது ரைன் நதிக் கன்னியரில் ஒருவர், வால்கைரிகளில் ஒருவர், காட்டுப் பறவையின் குரல் என மூன்று வேலை பார்த்தார். கனமான வேடங்களெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. 1885-ல் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆப்பெராவில் கார்மெனாக வந்தார். அடுத்த வருடம் ‘ட்ரிஸ்டானும் இஸோல்டேயும்’ அமெரிக்காவில் முதல் தடவை அரங்கேறியபோது இஸோல்டே அவர்தான். பெர்லின் ஆப்பெராவோடு இருந்த ஒப்பந்தத்தை மீறி அமெரிக்காவிலேயே தங்கிவிட்டதால் ஜெர்மன் அரங்குகள் சில வருடம் அவருக்குக் கதவடைத்தன. அதற்காக அவர் ஓய்ந்துவிடவில்லை.

இதையெல்லாம் சொல்லக் காரணம் உண்டு. இவர் பாடிய வேடங்கள் 170 என்று சொல்வார்கள். எண்ணிக்கையைவிட அவற்றின் வகைதான் என்னை அசரவைக்கிறது. கொலரத்தூரா (வேகமான பிருகாக்கள் நிறைந்த பாட்டு) பாடும் மெல்லிய குரல்களும் வாக்னர் பாடும் கனத்த குரல்களும் பொதுவாக ஒன்றின் பக்கம் ஒன்று எட்டிப் பார்ப்பதில்லை. இவர் இரண்டையும் பாடினார். வாக்னரின் ‘ரிங்’ நாயகியான ப்ரூன்ஹில்டேக்கள் மூன்றைப் பாடுவதைவிட, பெல்லினியின் நாயகியான ஒரு நோர்மா பாடுவது கஷ்டம் என்று அவர் சொன்னது இன்றைக்கும் ஆப்பெராக்காரர்கள் வாயில் அடிபடுகிறது. வாக்னரில் நாடகத்தின் வேகமே பாடகியை இழுத்துக்கொண்டு போய்விடும், பெல்லினியில் ஒவ்வொரு ஸ்வரத்தின் அழகுக்கும் நாமே பொறுப்பு என்பது அவர் சொன்ன காரணம். இப்படி இரண்டு பக்கமும் பாடிப் பார்த்த ஒருவர், ஐம்பது வயதைத் தாண்டி, மேடையை விட்டு இறங்காமலே எழுதிய புத்தகம் இது. ஜெர்மன் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் 1902-ல் வந்தன.

இப்போது கடையில் கிடைப்பது டோவர் நிறுவனத்தின் பேப்பர்பேக். 1924-ல் வந்த, திருத்தி விரிவாக்கிய மூன்றாம் பதிப்பின் மறு அச்சு. தாள் சுமார், கட்டு பரவாயில்லை, ஸ்டாண்டில் விரித்து வைத்தாலும் முதுகு உடைவதில்லை. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பழைய புத்தகங்களை ஸ்கேன் எடுத்து, ஆர்டர் வந்ததும் அச்சடித்து அனுப்புகிறவர்கள் ஆன்லைனில் நிறைய. அப்படி ஒருவரிடம்தான் நான் முதலில் வாங்கினேன். தலையின் குறுக்குவெட்டுப் படங்கள் எல்லாம் கறுப்புத் திட்டாக வந்திருந்தன. ஸ்வர வரிகள் பாதியில் வெட்டுப்பட்டிருந்தன. திருப்பி அனுப்பப் பட்ட பாடு தனிக் கதை. இந்தப் புத்தகத்தில் படம் தெரியாவிட்டால் பாதிப் புத்தகம் போயிற்று. அதனால் அட்டையில் பதிப்பகத்தின் பெயரைப் பார்த்து வாங்குங்கள்.

சரி, உள்ளே என்ன இருக்கிறது?

முதல் சில பக்கங்களிலேயே அம்மையார் சண்டைக்கு நிற்கிறார். ப்ராக் இசைப் பள்ளியில் ஒரு காலத்தில் பாட்டுக்கு எட்டு வருடம் ஒதுக்கினார்கள். மாணவரின் பிழைகளை ஆசிரியர் பொறுமையாகத் திருத்தவும், மாணவர் தன்னைத் தானே எடைபோடக் கற்கவும் நேரம் இருந்தது. இப்போதோ எல்லாமே நீராவி வேகத்தில் நடக்க வேண்டியிருக்கிறது என்கிறார். இசைப் பள்ளிகளுக்கு அவர் வைக்கும் பெயர் தொழிற்சாலை. ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பாடம் எடுக்கும் வாத்தியார்கள், இரண்டே வருடத்தில் கையில் சான்றிதழ். பாடகர் பட்டம் கொடுத்தாலும் தொலையட்டும், ஆசிரியர் பட்டம் கொடுக்கிறார்களே, அது அரசாங்கமே தடைசெய்ய வேண்டிய குற்றம் என்று எழுதுகிறார். 1902-ல்! ‘மூன்று மாதத்தில் பாடகி ஆகலாம்’ என்ற விளம்பரம் இப்போதெல்லாம் போனில் வந்தால் எனக்கு இந்தப் பக்கம்தான் நினைவுக்கு வருகிறது.

சாகச வீராங்கனையாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும் ஆசை அவருக்கு இல்லை. ஆரம்ப காலத்தில் தனக்கு மூச்சே போதாமல் இருந்ததையும் சொல்கிறார். இப்படிப்பட்டவர் ஒருவரைப் புகழ்ந்தால் நாம் நம்பலாம். அந்தக் காலத்துப் புகழ்பெற்ற ஆப்பெராப் பாடகி அடெலினா பட்டியைப் பற்றிய பத்தியை அதனால்தான் ரசித்துப் படித்தேன். குரல், திறமை, நல்ல குரு எல்லாம் ஒருவரிடமே கூடிவந்ததற்கு உதாரணமாக பட்டியைக் காட்டுகிறார். கூடவே இதையும் சொல்கிறார்: பட்டி தன் குரலுக்கு ஒவ்வாத வேடத்தைத் தொட்டதே இல்லை, உடம்பு சரியில்லை என்றால் பாடியதில்லை, ஒத்திகைக்கு வந்ததும் இல்லை. கூடப் பாடுகிறவர்கள் யாரென்றே பார்க்காமல் நேராக மாலையில் அரங்குக்கு வந்து, பாடி, கைதட்டல் வாங்கிக்கொண்டு போவாராம். எங்கள் குழுவிலும் ஒத்திகைக்கு வராத பட்டிகள் சிலர் உண்டு. கைதட்டல் பகுதி மட்டும்தான் இன்னும் வரவில்லை.

இனி புத்தகத்தின் உயிர்நாடிக்கு வருகிறேன். ‘பெரிய ஸ்வர வரிசை’ என்று ஒரு பயிற்சி. அம்மாவிடம் கற்றது. கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். கீழ் ஸ்வரத்தில் ஆரம்பித்து, மிக மிக மெதுவாக, ஒவ்வொரு ஸ்வரத்தையும் நீண்ட கார்வையாகப் பிடித்து, மென்மையில் தொடங்கிப் பெருக்கி, மறுபடி ஒடுக்கி, இழை அறாமல் அடுத்த ஸ்வரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஏறிய விதத்திலேயே இறங்கவும் வேண்டும். நம் ஊரில் அகார சாதகம் செய்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. புதிது எதுவென்றால் அவருடைய பிடிவாதம். மாலையில் ஆப்பெரா இருக்கும் நாளிலும் இதைப் பாடுவாராம், சில நாள் இரண்டு தடவை. ஒரு தடவை ஏறி இறங்கப் பல சமயம் 50 நிமிடம் ஆகும் என்கிறார். சுருதியிலோ பலத்திலோ நீளத்திலோ துளி குறைந்தாலும் அந்த ஸ்வரத்தை விட்டு அவர் நகர்வதில்லை. அதனால்தான் அவ்வளவு நேரம்.

50 நிமிடம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. சனிக்கிழமை மாலை ஒத்திகை என்றால் பாதிப் பேர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஐந்து கோடுகளில் எழுதிய ஸ்வரம் எங்கள் பெண்களுக்குப் பழக்கமும் இல்லை. இந்தப் பக்கத்து ஆலயங்களில் ஸ்வரங்களை டோ, ரே, மி என்று எழுத்தில் எழுதும் டோனிக் சால்ஃபாதான் வழக்கம். அதனால் வரிசையைச் சால்ஃபாவில் போர்டில் எழுதிப்போட்டு, ஓர் ஆக்டேவ் மட்டும், பியானோ இல்லாமல், ஒவ்வொருவராகப் பாடச் சொன்னேன். குழுவில் தையல் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா இருக்கிறார். நல்ல குரல், ஆனால் மேல் ‘மி’யிலிருந்து ‘ஃபா’வுக்குப் போகும் இடத்தில் எப்போதும் சிக்கல். கூட்டமாகப் பாடும்போது எங்கே உடைகிறது என்று மட்டும்தான் தெரியும், ஏன் என்று தெரியாது. இந்த மெதுவான வரிசையில் கண்ணெதிரே தெரிந்தது. ‘மி’ ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய மோவாய் மேலே போகிறது. அடுத்த படிக்கு உடம்பு முன்கூட்டியே பயந்துகொள்கிறது. லேமன் கைக்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பாடச் சொல்கிறார், அதையும் செய்தோம். கடையில் இருந்தே கண்ணாடி கொண்டுவந்தார். மோவாயைப் பிடித்து நிறுத்தியதும் ‘ஃபா’ மெலிந்துதான் வந்தது, ஆனால் உடையவில்லை. “டீச்சர், பாட்டு எப்பம் வரும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஈஸ்டர் கீதத்தில் அந்த இடம் இப்போது பரவாயில்லாமல் வருகிறது. முழுசாகச் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய்.

கைக்கண்ணாடி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. மானுவல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர் 1854-ல் இரண்டு சின்னக் கண்ணாடிகளையும் சூரிய வெளிச்சத்தையும் வைத்துத் தன் குரல்நாண்களைத் தானே பார்த்தார். தொண்டைக்குள் பார்க்கும் கருவி மருத்துவத்துக்கு வந்ததில் ஒரு பாட்டு வாத்தியாருக்கும் பங்கு உண்டு. லேமன் அவருக்கு அடுத்த தலைமுறை. உடற்கூறு தெரியாத ஆசிரியர் பாடம் எடுக்கவே கூடாது என்கிறார்.

ஆனால் இந்த இடத்தில்தான் புத்தகம் தடுக்கி விழுகிறது. குரல் எங்கே உணரப்படுகிறது என்பதற்கு அவர் வரைந்து காட்டும் படங்கள் இருக்கின்றன. தலையின் பக்கவாட்டுப் படம், அதில் அண்ணத்திலிருந்து நெற்றிக்கும் உச்சிக்கும் ஓடும் கோடுகள், எந்த ஸ்வரம் எந்தக் கோட்டில் உணரப்படும் என்ற கணக்கு. மூச்சு தலைக்குள் சுழன்று சுழன்று போவதாக ஒரு விளக்கம் வேறு. அந்தக் கோடுகள் அவருடைய உணர்வு, அவ்வளவுதான். காற்று நெற்றி எலும்புக்குள் ஏறிச் சுழல்வதெல்லாம் கிடையாது. தான் உணர்வதையும் தொண்டையில் உண்மையில் நடப்பதையும் அவர் பிரித்துச் சொல்வதில்லை. ஒரே பத்தியில் நாக்கு, அண்ணம், மூக்கு, மார்பு, உதரவிதானம் எல்லாம் வரிசை கட்டி வரும். நாக்கின் நடுவில் பள்ளம் விழ வேண்டும், மூக்குக்குப் பின்புறம் இப்படி, குரல்வளை அப்படி என்று. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நினைத்துக்கொண்டு பாடப் பார்த்தால் வாய் திறக்காது. புதிதாகப் பாட வருகிற பெண்ணிடம் இந்த அத்தியாயங்களைக் கொடுக்கவே மாட்டேன். இருக்கிற இயல்பும் போய்விடும்.

உயிரெழுத்துகளைப் பற்றிய பகுதியும் கரடுமுரடுதான், ஆனால் அங்கே சரக்கு இருக்கிறது. ‘ஆ’ பாடும்போது அதற்குள் ‘ஏ’வும் ‘ஊ’வும் ஒளிந்திருக்க வேண்டும், எழுத்துக்கு எழுத்து வாயைப் புதிதாகத் திறந்து மூடினால் இழை அறுந்துவிடும் என்கிறார். தமிழ்க் கீர்த்தனை பாடும்போதுகூட இது எடுபடுகிறது. எங்கள் பெண்கள் ‘ஈ’ வந்தால் உதட்டை இரண்டு காதுக்கும் இழுப்பார்கள். கீச்சுச் சத்தத்தில் பாதி அங்கிருந்து வருவதுதான்.

குரலில் மார்பு, நடு, தலை என்று தனித்தனிப் பிரிவுகள் இயற்கையிலேயே உண்டா என்று கேட்டுவிட்டு, இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்கிறார். நமக்கு வசதியான உயரத்திலேயே வருடக்கணக்கில் பேசிப் பேசி நாமே உண்டாக்கிக்கொண்டவை அவை என்பது அவர் வாதம். இன்றைய குரல் ஆய்வாளர்கள் இதை அப்படியே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் வகுப்பில் இது வேலை செய்கிறது. “உன் குரலில் இங்கே ஒரு உடைப்பு இருக்கிறது” என்று ஒரு பெண்ணிடம் சொல்லிவிட்டால், வாழ்நாள் முழுக்க அந்த இடத்தில் அவள் நின்று யோசிப்பாள்.

மேடையைப் பற்றிய பகுதி சின்னது, ஆனால் நிறைவானது. பெரிய அரங்கில் பாவத்தைக் கொஞ்சம் மிகைப்படுத்தித்தான் ஆக வேண்டும். கச்சேரி மண்டபத்துக்கு வந்தால் அந்த மிகையைக் கழற்றி வைத்துவிட வேண்டும் என்கிறார். மைக் வந்த பிறகு நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம் என்று எனக்கு ஒரு எண்ணம்.

சொன்னபடி இவர் பாடினாரா என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது. 1906, 1907 வாக்கில், அறுபதை நெருங்கிய வயதில், ஓடியோன் நிறுவனத்துக்காக லேமன் இசைத்தட்டுகள் பதிவு செய்தார். இணையத்தில் தேடினால் கேட்கலாம். மோட்ஸார்ட்டின் ‘மார்டர்ன் ஆலர் ஆர்ட்டன்’ பாட்டைக் கேளுங்கள். மைக்ரோபோன் இல்லாத காலம், கூம்புக்குள் பாடியது; இரைச்சலுக்குப் பின்னால் வாத்தியங்கள் எங்கோ பக்கத்துத் தெருவில் ஒலிக்கின்றன. குரலில் வயது தெரிகிறது. சில இடங்களில் மூச்சு சீக்கிரமே வாங்குகிறார். ஆனால் வேகமான ஸ்வரக் கோவைகளில் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக, சுருதி பிசகாமல் விழுகிறது, ஒன்றையும் பூசி மெழுகுவதில்லை. ப்ரூன்ஹில்டேயும் இஸோல்டேயும் பாடித் தீர்த்த தொண்டை இது! நோர்மாவின் பாட்டான ‘காஸ்டா திவா’வையும் கேட்டேன். அதில் அழகைவிட ஒழுங்குதான் காதில் விழுந்தது. உருகுவதற்கு நான் கேட்பது வேறு பாடகிகளை.

ஆசிரியராக அவர் எப்படி என்பதற்கும் சாட்சி உண்டு. ஜெரால்டின் ஃபர்ரார், ஓலிவ் ஃப்ரெம்ஸ்டாட் இருவரும் இவரிடம் பெர்லினில் பயின்றவர்கள், இருவரும் பிற்பாடு மெட்ரோபாலிடனில் நட்சத்திரங்கள். இரண்டு பேரின் குரலும் பாணியும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. தன்னைப் போலவே பாடும் நகல்களை அவர் உருவாக்கவில்லை என்பதற்கு அதுவே போதும். ஸால்ஸ்பர்க்கில் மோட்ஸார்ட் விழாக்களை முன்நின்று நடத்தியதும், அங்கே மோட்ஸார்ட்டேயும் இசைப் பள்ளியில் கோடை வகுப்புகள் எடுத்ததும் இவர்தான். தொழிற்சாலை என்று இசைப் பள்ளிகளைத் திட்டியவர் கடைசியில் ஒரு பள்ளியில் போய் வகுப்பெடுத்தார் என்பதில் எனக்கு ஒரு குறும்புச் சந்தோஷம். 1929-ல் பெர்லினில் இறக்கும்போது வயது 80.

பாட்டு கற்றுக்கொடுக்கிறவர்கள் வாங்கலாம். சில வருடங்களாகப் பாடிக்கொண்டிருந்து ஓர் இடத்தில் தேங்கி நிற்பவர்களும் வாங்கலாம். ஆசிரியர் இல்லாமல் வீட்டில் தனியாகப் படித்துப் பாடகி ஆகலாம் என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். அந்தப் பணத்தை நான்கு வகுப்புகளுக்குக் கட்டுங்கள். ஆப்பெரா வரலாற்றில் மட்டும் ஆர்வம் என்றால் இதில் கதை குறைவு, பயிற்சிதான் அதிகம்.

காசு செலவழிக்கும் முன் ருசி பார்க்க விரும்பினால் குட்டன்பர்க் என்ற மின்நூல் தளத்தில் 1902 மொழிபெயர்ப்பு இலவசமாகவே கிடைக்கிறது. பிற்பாடு சேர்த்த பகுதிகள் அதில் இருக்காது, ஆனால் பெரிய ஸ்வர வரிசையும் அந்தத் தொழிற்சாலைத் திட்டும் உண்டு. படங்களைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். போனில் வேண்டாம், கணினியில் திறந்து பாருங்கள்.